எலிக்கு மீண்ட தசை: புற்றுநோய் மெலிவும் தாவரச் சேர்மங்களும்

"சாப்பிடத்தான் செய்கிறார், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறார்." புற்றுநோயாளியின் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சமைப்பவர் தன் சமையலைக் குறை சொல்லிக்கொள்வார், நோயாளி தன் வாயைக் குறை சொல்லிக்கொள்வார். இருவர் மேலும் தவறில்லை. இந்த மெலிவுக்குக் கேக்கெக்சியா என்று பெயர். பட்டினியால் வரும் மெலிவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. பட்டினி கிடக்கும் உடல் முதலில் கொழுப்பைச் செலவழித்துத் தசையை முடிந்தவரை காக்கும். கேக்கெக்சியாவில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. தட்டில் எவ்வளவு கூடுதலாக வைத்தாலும் தசை முழுதாகத் திரும்பாது.

இந்த இடத்தில்தான் தாவரச் சேர்மங்கள் நுழைகின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி, ஆப்பிள் தோலின் உர்சோலிக் அமிலம், வெங்காயத்தின் குவெர்செடின் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் "தசைச் சிதைவைத் தடுக்கிறது" என்று ஓர் ஆய்வாவது உண்டு. அந்த ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை, பல கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களோடு நின்றுவிட்டவை. அங்கிருந்து நோயாளியின் தொடைத் தசை வரை எவ்வளவு தூரம் என்பதை ஓரளவு கணக்குப் போட்டே பார்க்கலாம். தடுமாற்றம் எந்தெந்த இடத்தில் வருகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

முதலில் நோயை அளக்கும் முறை. 2011-ல் பன்னாட்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்ட வரையறைப்படி, கடந்த 6 மாதங்களில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கேக்கெக்சியா. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 20-க்குக் கீழே இருப்பவருக்கும், ஏற்கெனவே தசை குறைந்துபோனவருக்கும் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே போதும். 64 கிலோ இருந்தவர் 60 ஆனால் இழப்பு 4 கிலோ; 4-ஐ 64-ஆல் வகுத்தால் 6.25 சதவீதம், கோட்டைத் தாண்டிவிட்டார். பருமனாக இருந்தவர் இளைத்தால் "நல்லதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். கொழுப்பு மூடியிருப்பதால் உள்ளே தசை கரைவது கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். இன்னொரு பொறி நீர்க்கோவை. வயிற்றிலோ காலிலோ நீர் சேர்ந்தால் எடை இயந்திரம் குறையாத எடையைக் காட்டும், அடியில் தசை போய்க்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை, ஒரே இயந்திரத்தில், காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்துக் குறித்து வைப்பதும், கணுக்கால் வீக்கம் இருந்தால் அந்த எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பதும் மருத்துவருக்குப் பெரிய உதவி.

உள்ளே என்ன நடக்கிறது? கட்டியும் அதை எதிர்க்கும் நோயெதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. டிஎன்எஃப்-ஐ 1985 வாக்கில் கேக்கெக்டின் என்றே அழைத்தார்கள். மெலிவின் குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்ற உற்சாகம் அன்று இருந்தது. அதை மட்டும் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறவில்லை. ஒற்றைக் குற்றவாளி இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இந்தச் சமிக்ஞைகள் தசை உயிரணுவுக்குள் என்எஃப்-கப்பா-பி, ஸ்டாட்-3, ஃபாக்ஸோ என்ற பாதைகளைத் தூண்டுகின்றன. அவை அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்னும் இரண்டு புரதங்களைப் பெருக்குகின்றன. 2001-ல் கண்டறியப்பட்ட இந்த இரண்டும் தசைப் புரதங்களின் மேல் "இதை உடைக்கலாம்" என்று அடையாளம் ஒட்டுபவை. அடையாளம் விழுந்த புரதத்தைப் புரோட்டியாசோம் என்ற அரவை அமைப்பு நறுக்கிவிடும். இது ஒரு பக்கம். மறுபக்கம் மயோஸ்டேடின், ஆக்டிவின் ஆகியவை புதுத் தசை கட்டப்படுவதை மட்டுப்படுத்துகின்றன. ஜிடிஎஃப்-15 என்ற புரதமோ மூளைத்தண்டுப் பகுதிக்குச் சென்று பசியையே அணைத்துவிடுகிறது.

தாவரச் சேர்மங்களில் பலவும் மேலே சொன்ன என்எஃப்-கப்பா-பி பாதையைத்தான் தொடுகின்றன. குர்குமின், ரெஸ்வெரட்ரால், ஈஜிசிஜி மூன்றுமே எலிகளில் அதைத் தணித்து மர்ஃப்-1 அளவைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. உர்சோலிக் அமிலமும் பச்சைத் தக்காளியில் உள்ள டொமாடிடினும் வேறு வழியில் வந்தவை. தசை நலியும்போது எந்தெந்த மரபணுக்கள் ஏறி இறங்குகின்றன என்ற வரைபடத்தை வைத்து, அதற்கு நேரெதிரான மாற்றத்தைத் தரும் பொருள் எது என்று கணினியில் தேடிக் கண்டுபிடித்தார்கள். தேடிய முறை அழகானது, சந்தேகமில்லை. ஆனால் உர்சோலிக் அமிலத்தைக் கண்டெடுத்த அந்த ஆய்வில் எலிகளின் தசை நலிந்தது பட்டினியாலும் நரம்பு அறுபட்டதாலும்; புற்றுநோயால் அல்ல. கடையில் விற்கும் மாத்திரை டப்பாவின் சீட்டில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இனி அந்தத் தூரத்துக்கு வருவோம். புற்றுநோய் மெலிவு ஆய்வுகளில் அதிகம் புழங்குவது சி-26 என்ற பெருங்குடல் கட்டி பதித்த எலி. கட்டி பதித்து இரண்டு மூன்று வாரங்களில் அதன் கதை முடிந்துவிடும். மனிதரில் மாதக்கணக்கில் நடப்பது அங்கே நாள்கணக்கில் நடக்கிறது. எலி பெரும்பாலும் இளசு, இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. நோயாளியோ பெரும்பாலும் வயதானவர், கீமோவும் எடுத்துக்கொண்டிருப்பவர். எலிக்குச் சேர்மத்தைக் கட்டி பதித்த அன்றிலிருந்தோ அதற்கு முன்னரோ கொடுக்கத் தொடங்கிவிடுவது வழக்கம். அது தடுப்பு. நோயாளி வந்து நிற்பதோ 6 சதவீதம் போன பிறகு. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கட்டியின் அளவு. சேர்மம் கொடுத்த எலியில் கட்டியும் சிறுத்திருந்தால், தசை தப்பியது சேர்மம் தசையில் வேலை செய்ததால்தானா, சுமை குறைந்ததால்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓர் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் முதலில் கட்டியின் எடை தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரப்படவில்லை என்றால் மேலே படிக்கும் ஆர்வத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. எலிக்குக் கொடுத்த மில்லிகிராமை அப்படியே மனிதருக்குப் பெருக்கக் கூடாது. உடல் பரப்பளவை ஒட்டிய வழக்கமான கணக்குப்படி, எலிக்கு ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை ஏறக்குறைய 12.3-ஆல் வகுக்க வேண்டும். குடல் கட்டிகள் வரும்படி மரபணு மாற்றிய எலிகளில் குவெர்செடினை கிலோவுக்கு 25 மில்லிகிராம் கொடுத்தபோது எடை இழப்பு மட்டுப்பட்டது, இன்டர்லூக்கின்-6 குறைந்தது. 60 கிலோ மனிதருக்கு அது சுமார் 120 மில்லிகிராம், விழுங்கக்கூடிய அளவுதான். சி-26 எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் தசை காக்கப்பட்டது. அது மனிதருக்கு ஒரு கிராமை ஒட்டி வரும். வேறு கட்டிகளைப் பதித்த விலங்குகளில் அதே ரெஸ்வெரட்ரால் தசையைக் காக்கவில்லை என்று 2007-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. இந்த வகுத்தல் கணக்கும் எத்தனை மில்லிகிராம் விழுங்குவது என்பதை மட்டுமே சொல்லும், விழுங்கியதில் எவ்வளவு ரத்தத்துக்குப் போகிறது என்பதைச் சொல்லாது.

குர்குமினை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். ஒரு மருத்துவ ஆய்வில் கொடுத்த நாளொன்றுக்கு 4 கிராம் என்ற அளவை மஞ்சள் தூளாகவே எட்ட வேண்டுமானால் தினம் 130 கிராம் தூள் வேண்டும். பாலில் ஒரு சிட்டிகை போடுவதற்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பே இல்லை. சரி, பிரித்தெடுத்த குர்குமினையே மாத்திரையாக விழுங்கினால்? குடலிலும் கல்லீரலிலும் உடனே குளுகுரோனைடு என்ற சர்க்கரை வகைத் துணுக்கு சேர்க்கப்பட்டு வெளியேறிவிடுகிறது. கண்ணாடித் தட்டில் தசை உயிரணுக்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது 10, 20 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு). கணையப் புற்றுநோயாளிகள் தினம் 8 கிராம் எடுத்த ஒரு சோதனையிலும் ரத்தத்தில் நின்றது அதிகபட்சம் 0.1 மைக்ரோமோலார் அளவே. நூறு மடங்கு இடைவெளி. போதாக்குறைக்கு, குர்குமின் பல புரதங்களோடு ஒட்டிக்கொண்டும் ஒளிர்ந்தும் ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றும் குணம் உடையது என்று 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எச்சரித்தார்கள்.

இதற்கு மாற்றாக மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்ற 1998-ஆம் ஆண்டு ஆய்வு ஏறக்குறைய எல்லா டப்பாவிலும் ஏதோ ஒரு வடிவில் அச்சாகியிருக்கும். அந்த ஆய்வில் தனிக் குர்குமினின் ரத்த அளவு ஏறத்தாழ பூஜ்யம் என்பது அச்சாகாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதை 20-ஆல் பெருக்கினாலும் பெரிதாக வந்துவிடாது. மேலும் பைப்பரின் இதைச் சாதிப்பது கல்லீரலின் கழிவகற்றும் வேலையைத் தாமதப்படுத்தித்தான். அந்தத் தாமதம் குர்குமினுக்கு மட்டும் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நோயாளியின் மற்ற மருந்துகளில் பலவும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேறுகின்றன.

நோயாளிகளிடம் நடந்தவை என்ன சொல்கின்றன? தாய்லாந்தில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 20 பேரிடம் தினம் 4 கிராம் குர்குமின் 8 வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். தசை அளவு போலி மருந்துக் குழுவைவிட மேலாக இருந்தது. மற்ற அளவீடுகளில் உறுதியான வேறுபாடு இல்லை. தசையை அளந்தது மின்தடை முறையில். உடலில் நீர் கூடினாலும் அந்தக் கருவி தசை கூடியதாகக் காட்டக்கூடும். 33 பேரிடம் 800 மில்லிகிராம் இரு வேளை கொடுத்த இன்னொரு சோதனையில் உடல் கட்டமைப்பில் பலன் தெரியவில்லை. கணையப் புற்றுநோயாளிகளின் சிடி படங்களை வைத்து 2016-ல் வந்த ஒப்பீடு இன்னும் சங்கடமானது. தினம் 8 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கு, எடுக்காத ஒத்த நோயாளிகளைவிடக் கொழுப்பும் தசையும் கூடுதலாகவே குறைந்திருந்தன. அது யாருக்கு மருந்து என்று குலுக்கல் முறையில் பிரிக்கும் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை இல்லை, ஆகவே குர்குமின்தான் குறைத்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை" என்ற ஆறுதலை அது கலைத்துவிடுகிறது. கூடவே ஒரு எளிய விஷயம் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8 கிராமுக்கு 16 மாத்திரை. கீமோவோடு 8 கிராம் கொடுத்த ஒரு சிறு சோதனையில் 17 பேரில் 5 பேர் தாங்கமுடியாத வயிற்று உப்புசம், வலியால் நிறுத்திவிட்டார்கள். பசியே இல்லாதவரின் வயிற்றை மாத்திரைகளால் நிரப்பிவிட்டு அவரைச் சாப்பிடச் சொல்வது என்ன மருத்துவம்?

கஞ்சாவைப் பற்றிய எதிர்பார்ப்பு மருத்துவர்களிடமும் இருந்தது. அதனால் அதற்கு முறையான சோதனைகள் கிடைத்தன. 2002-ல் 469 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் டிஎச்சி என்ற கஞ்சாவின் முக்கியச் சேர்மத்தை எடுத்தவர்களில் 49 சதவீதத்தினருக்குப் பசி கூடியது. மெஜெஸ்ட்ரால் என்ற பழைய ஹார்மோன் மாத்திரையில் 75 சதவீதம். 2006-ல் கஞ்சாச் சாறு, டிஎச்சி, போலி மருந்து மூன்றையும் 243 பேரிடம் ஒப்பிட்டபோது பசியில் வேறுபாடு இல்லை. தசையைப் பற்றிப் பேசவே இடம் வரவில்லை.

ஜப்பானிய மருத்துவத்தின் ரிக்குன்ஷிடோ கொஞ்சம் சுவாரசியமானது. ஜின்செங், இஞ்சி, ஆரஞ்சு வகைத் தோல், அதிமதுரம் உள்ளிட்ட 8 மூலிகைகளின் கூட்டு. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை இது உயர்த்துவதாக விலங்கு ஆய்வுகள் காட்டின. குர்குமின் போன்ற சேர்மங்கள் அழற்சியைக் குறிவைத்தன, இது பசியைக் குறிவைக்கிறது; அந்த வகையில் இலக்கு சரியானது. கிரெலினைப் போல வேலை செய்யும் அனமொரெலின் என்ற செயற்கை மருந்து 2021-ல் ஜப்பானில் அனுமதி பெற்றதும் இந்த வழியில் பொருள் இருக்கிறது என்பதையே காட்டுகிறது. ஆனால் அதிமதுரம் உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும். வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் ஏற்கெனவே பொட்டாசியம் இழந்தவருக்குக் கால் தசை தளர்வதும் இதயத் துடிப்பு தடுமாறுவதும் இதனால் நேரலாம். தசைக்காக எடுத்த மருந்தே தசையைத் தளர்த்தினால் அதை நோய் முற்றியதாக எண்ணிவிடுவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் இன்று நம்பிக் கையில் எடுக்கக்கூடியது இஞ்சி. அது தசைக்கு நேராக எதுவும் செய்வதாலல்ல. 576 கீமோ நோயாளிகளிடம் நடந்த சோதனையில், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு சேர்த்து கீமோவுக்கு 3 நாள் முன்பிருந்து 6 நாள் இஞ்சி மாத்திரை கொடுத்தார்கள். நாளொன்றுக்கு அரை கிராமும் ஒரு கிராமும் முதல் நாள் குமட்டலை நன்றாகக் குறைத்தன. ஒன்றரை கிராம் அவற்றைவிட மேலாக இல்லை. கூடுதல் அளவு கூடுதல் பலன் தரும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. குமட்டல் அடங்கினால் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான் அதன் பங்கு. ரத்தத் தட்டுகள் குறைந்திருப்பவரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரும் இந்த அளவைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தீங்குகளைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிடப் பெயர் சொல்லிப் பேசுவது நல்லது. மல்டிபிள் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் மருந்து எடுப்பவர் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையைத் தொடவே கூடாது. ஈஜிசிஜி மருந்தின் போரான் பகுதியோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009-ல் ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டினார்கள். அதே மயலோமா நோயாளிகளுக்கு ரெஸ்வெரட்ரால் தினம் 5 கிராம் கொடுத்த சோதனை, எதிர்பாராத சிறுநீரகச் செயலிழப்புகளால் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர் குர்குமினைப் பைப்பரினோடு சேர்த்து எடுத்தால், மருந்தின் செயல்வடிவமான எண்டாக்சிஃபென் ரத்தத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் குறைகிறது. எல்லாருக்கும் அது பொருட்டல்ல, ஆனால் அளவு ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவருக்குப் பொருட்டுதான். பச்சைத் தேயிலைச் சாற்றில் ஈஜிசிஜி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் என்சைம்கள் உயரும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் அழற்சி வருவது பதிவாகியிருக்கிறது, குறிப்பாகப் பைப்பரின் சேர்த்தவற்றில். அமுக்கராவுக்கும் அதே கல்லீரல் எச்சரிக்கை உண்டு. கல்லீரல் என்சைம் ஏறினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். காரணம் தெரியாமல் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைப்பார். மாத்திரை டப்பா வீட்டு அலமாரியில் அப்படியே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் எடுத்துத்தான் பார்ப்பேன் என்றால், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. டப்பாவையே புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதாது. சேர்மானப் பட்டியலில் கடைசியில் இருக்கும் 5 மில்லிகிராம் பைப்பரின்தான் சில நேரம் சிக்கல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை, பிறகு நான்கு வாரத்தில் மீண்டும். சிறுநீர் கருமஞ்சளானாலோ கண் மஞ்சளானாலோ தோல் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைத் தேதி தெரிந்த உடனேயே மயக்க மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். 8 வாரம் கழித்துப் பலனை எடையால் மட்டும் அளக்காதீர்கள். கைப்பிடி வலு அளக்கும் கருவி கிடைத்தால் அதில் பாருங்கள். கிடைக்காவிட்டால் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று தொடக்கத்திலும் முடிவிலும் குறியுங்கள். விழும் அபாயம் இருந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. வாய்ப்புண், மலச்சிக்கல், அடங்காத வலி, மனச்சோர்வு இவற்றில் ஏதாவது ஒன்று பசியை அடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. கணையப் புற்றுநோயில் செரிமான என்சைம் சுரப்பு குறைந்து, சாப்பிட்ட கொழுப்பு மலத்தில் எண்ணெய்ப் பசையாகப் போகும். அதற்கு என்சைம் மாத்திரையை உணவோடு கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எந்தச் சேர்மத்தைக் கொடுத்தும் எடை ஏறாது. நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்குச் சக்தி 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை வரை என்பது பொதுவான இலக்கு. 60 கிலோ எடைக்கு 1500 முதல் 1800 கலோரி, புரதம் 60-க்கு மேல் 90 கிராம் வரை. சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். தசைக்குக் கட்டு என்று சொல்லும் சமிக்ஞை அசைவிலிருந்துதான் வருகிறது. வாரம் இரண்டு மூன்று முறை ரப்பர் பட்டை இழுப்பது, எழுந்து உட்காருவது போன்ற எதிர்ப்புப் பயிற்சி வேண்டும்; எலும்பில் நோய் பரவியிருந்தால் மருத்துவரின் முன்கூட்டிய அனுமதியோடு.

பசிக்கு மருந்தே வேண்டும் என்றால் ஓலன்சபின் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். புதுச்சேரி ஜிப்மரில் 124 பேரிடம் தினம் 2.5 மில்லிகிராம் 12 வாரம் கொடுத்த சோதனையில், 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்துக் குழுவில் 60 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 9 சதவீதம். 2023-ல் வெளிவந்த முடிவு இது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இடம்பெற்றுவிட்டது. ஜிடிஎஃப்-15-ஐப் பிடித்து வைக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசி மருந்து 2024-ல் 187 பேரிடம் சோதிக்கப்பட்டு, உயர்ந்த அளவில் போலி மருந்தைவிட 5.6 சதவீத எடை வேறுபாட்டைத் தந்தது. இந்த இரண்டிலும் எலிக் கணக்கு இல்லை, நோயாளிக் கணக்கு இருக்கிறது.

தாவரச் சேர்மங்களுக்கு அந்த இடம் வராது என்று சொல்ல முடியாது. ஆனால் வருவதற்கு எது தேவை என்பது தெளிவு. குடலைத் தாண்டி ரத்தத்தில் அளக்கக்கூடிய அளவில் நிற்கும் ஒரு வடிவம். ஏற்கெனவே எடை இழந்த நோயாளிகள், இருபது பேர் அல்ல, சில நூறு பேர். மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் எடுத்த சிடி படத்தால் தசை அளவு, அதோடு நடை வேகமோ கைப்பிடியோ. அனமொரெலின் இந்தக் கடைசிப் படியில்தான் தடுக்கியது: கொழுப்பில்லா உடல் எடை ஏறியது, கைப்பிடி வலு ஏறவில்லை. அதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லித்தான் ஐரோப்பா 2017-ல் அனுமதி மறுத்தது. நாளை குர்குமினோ உர்சோலிக் அமிலமோ சிடி படத்தில் தசையைக் கூட்டிக் காட்டினாலும், நோயாளி கைத்தாங்கல் இல்லாமல் கழிவறை வரை நடந்தாரா என்ற கேள்வி அவற்றிடமும் கேட்கப்படும்.